சோங்சிங்கில் பெண் கேட்டார்கள்

ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்குப் போகிற பேருந்தில் ஏறி உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள், செத்துப்போன என் மகளை நான் சோங்சிங் நகரத்தில் குடிவைத்துவிட்டேன்.

திட்டம் போட்டுச் செய்ததல்ல. நான் எதையுமே திட்டம் போட்டுச் செய்வதில்லை என்பது என் மனைவி யுன்லானின் பழைய குற்றச்சாட்டு. அவள் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த காலத்தில் சொன்னது.

முன் இருக்கையிலிருந்து ஒரு அம்மாள் இடுப்புவரை திரும்பினாள். கழுத்தில் ஊதா நிறத் துணி, தலையில் எங்கள் எல்லோருக்கும் கொடுத்திருந்த மஞ்சள் தொப்பி. உரித்த ஆரஞ்சில் பாதியை என்னிடம் நீட்டிவிட்டு, அதற்கு விலையாகக் கேட்டாள்:

"எத்தனை பிள்ளைங்க தம்பி?"

"ஒரே பொண்ணு."

"எங்க இருக்கா?"

சன்னலுக்கு வெளியே பார்த்தேன். மலைமேல் கட்டடம், கட்டடத்தின் மேல் சாலை, சாலைக்கு மேல் இன்னொரு கட்டடம். இத்தனை சன்னல்களில் ஒன்றில் ஒருத்தி இருக்கக்கூடாதா என்ன.

"இங்கதான்" என்றேன்.

"இங்கயா! இந்த ஊர்லயா! அடப்பாவி, இதைச் சொல்லாம உக்காந்திருக்கீங்களே!" அந்த அம்மாள், அவள்தான் குவோ அக்கா, எழுந்து நின்று பின்பக்கம் பார்த்துக் கத்தினாள். "கேட்டீங்களா? இவரு பொண்ணு இங்கதான் இருக்காளாம்!"

வழிகாட்டிப் பெண் லூ ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோய், "நம்ம ஃபெங் மாமாவோட பொண்ணு நம்ம ஊர்க்காரி. எல்லாரும் கை தட்டுங்க!" என்றாள். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். யுன்லான் சன்னல் பக்கம் இருந்தாள். திரும்பவில்லை.

எங்கள் ஊர் வடக்கே, ஹெபெயில் ஒரு சின்ன நகரம். அங்கே நாற்பது வருடம் குளிர்காலத்தில் வீடுகளுக்கு வெந்நீர் அனுப்புகிற கொதிகலன் நிலையத்தில் இருந்தேன். ஊரில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியும். வீடு சூடாகாத அன்று திட்டுவதற்கு ஒரு முகம் வேண்டுமே. மகள் நிங் மூன்று வருடத்துக்கு முன்னால் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாய்ந்தாள். மூளையில் ஏதோ ரத்தக் குழாய் என்றார்கள். அதற்குப் பிறகு ஊரில் யாரும் எங்களிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும். எங்களைப் பார்த்ததும் பேச்சைக் காய்கறி விலைக்கு மாற்றுவார்கள். பேரப்பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறவர்கள் எதிர்ப்பக்கம் கடந்துவிடுவார்கள். நல்ல மனசுதான். கல்யாணத்துக்கு மட்டும் கூப்பிடுவதில்லை.

அதனால்தான் எங்கள் ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லாத சுற்றுலாவாகப் பார்த்து மூன்று நாளைக்குப் பதிவு செய்தேன். போவோமா என்று கேட்டதற்கு யுன்லான், "எதுன்னாலும் சரி" என்றாள். மூன்று வருடமாக அவள் எனக்குத் தருகிற பதில் அதுதான். நூடுல்ஸா சோறா? எதுன்னாலும் சரி. சன்னலைச் சாத்தட்டுமா? எதுன்னாலும் சரி. ஒரு தடவை, "நான் செத்துட்டா எரிக்கிறியா, இல்ல மூட்டை கட்டி மாடியில போட்டுடறியா?" என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன். அதற்கும் அதே. எனக்கு வேண்டியதெல்லாம் அவள் வாயிலிருந்து நேரான ஒரு பதில். திட்டாக இருந்தாலும் போதும்.

ஊரில் யாரும் கேட்காத கேள்வியை குவோ அக்கா கேட்டாள். மூன்று வருடம் கழித்து ஒருத்தி கேட்டால் வாய் என்ன செய்யும்? அது பாட்டுக்குப் பதில் சொல்லிவிட்டது. என் மூளைக்குத் தகவல் வந்தபோது பேருந்தே கைதட்டிக்கொண்டிருந்தது.

மதியம் கட்டடத்துக்குள்ளே புகுந்து வருகிற ரயிலைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். எட்டாவது மாடியில் ஒரு ஓட்டை. ரயில் அதில் நுழைந்து வெளியே வரும். கீழே நின்று வாயைப் பிளந்தால், ரயிலை விழுங்குகிற மாதிரி படம் எடுக்கலாம். மஞ்சள் தொப்பி போட்ட கிழங்கள் வரிசையாக நின்று வாயைப் பிளந்தோம். எனக்கு மூன்று ரயில் தவறிவிட்டது. வாயைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் குவோ அக்கா ஏதாவது கேட்டாள்.

"பொண்ணு என்ன வருஷம் தம்பி?"

"குதிரை வருஷம்." எங்களுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பன்னிரண்டு மிருகம்; மிருகத்தைச் சொன்னால் வயது தெரிந்துவிடும்.

"முப்பத்திநாலு. கல்யாணம்?"

"இன்னும் ஆகலை."

குவோ அக்கா கழுத்துத்துணியை இறுக்கிக்கொண்டாள். இவ்வளவு நேரம் ஊர்சுற்ற வந்த அம்மாளாக இருந்தவள், அந்த நிமிடத்திலிருந்து வேலைக்கு வந்தவளாக மாறினாள். "எம் பையன் யிமிங் புலி வருஷம். புலிக்கும் குதிரைக்கும் எப்படிப் பொருந்தும்னு உங்களுக்குத் தெரியாதா? செங்டூவுல இருக்கான். இங்கேருந்து ரயில்ல ஒண்ணரை மணி நேரம். முப்பத்தெட்டு ஆகுது, ஆனா பார்த்தா தெரியாது. உங்க பொண்ணு என்ன வேலை பார்க்கிறா?"

எதிரே ஆற்றின் மேல் ஒரு பாலம் தெரிந்தது.

"பாலம் கட்டுற கம்பெனியில."

"அடேங்கப்பா!"

அவள் வியந்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. பாவி நான் நிறுத்தவில்லை. நிங்குக்கு ஒரு வாடகை வீடு எடுத்தேன், ஆறு தெரிகிற மாதிரி. ஒரு பூனை வாங்கிக் கொடுத்தேன். உயிரோடு இருந்தவரை மிளகாயைக் கண்டாலே தண்ணீர் தேடுவாள். இப்போது இந்த ஊர்க் காரத்துக்குப் பழகிவிட்டாள் என்றேன். சொல்லச் சொல்லச் சந்தோஷம் வரவேண்டும், இல்லாவிட்டால் துக்கம் வரவேண்டும். இரண்டும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. தொடுவது தெரிகிறது, கன்னம் யாருடையது என்பதுதான் தெரியவில்லை.

யுன்லான் நான்கடி தள்ளி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். வாயைப் பிளக்கவில்லை. அவள் படத்தில் ரயில் அது பாட்டுக்கு அவளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"நாளைக்கு ராத்திரி ஹாட்பாட் சாப்பாடு இருக்குல்ல, பொண்ணை அங்க வரச்சொல்லுங்க" என்றாள் குவோ அக்கா. "பதினெட்டு பேர் சாப்பிடுற இடத்துல இன்னொரு கிண்ணம் வைக்கமாட்டானா? நான் சும்மா பார்க்கத்தான். பொண்ணு கேட்கமாட்டேன்."

"கேட்டுட்டுதானே இருக்கீங்க?"

"இது கேட்கிறதா? நான் கேட்க ஆரம்பிச்சா எப்படியிருக்கும்னு எங்க ஊர்ல வந்து பாருங்க!"

விடுதி அறையில் யுன்லான் காலுறைகளைத் துவைத்து, விளக்கின் மேல் காயப்போட்டாள். நான் கட்டிலில் உட்கார்ந்து தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"கோபமா?"

"இல்ல."

"அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடவா?"

"உன் இஷ்டம்."

"நாளைக்கு அவ வரலைன்னா என்ன சொல்றது? திடீர்னு பாலம் விழுந்துடுச்சு, கட்டப் போயிருக்கான்னா?"

சிரிப்பாள் என்று பார்க்கவில்லை. 'சீ' என்றாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் காலுறையின் நுனியை இழுத்துச் சரிசெய்தாள். "எதுன்னாலும் சரி" என்றாள்.

மறுநாள் முழுக்க ஏறி இறங்கினோம். தரைத்தளம் என்று ஒரு கதவைத் திறந்து வெளியே போனால் பதினோராவது மாடியாக இருக்கும் ஊர் அது. நடுவில் ஒரு கடையில் கொண்டுபோய் நிறுத்தி, முட்டிவலிக்கு மூலிகைத் தைலம் வாங்கும்வரை பேருந்துக் கதவைத் திறக்கவில்லை. இந்த ஊரில் இரண்டு நாள் நடந்தவனுக்கு அந்தத் தைலம் தேவைதான் என்பதால் யாரும் சண்டை போடவில்லை. நான் இரண்டு வாங்கினேன். என் கவலை சாயங்காலத்தைப் பற்றி.

ஹாட்பாட் கடையில் மேசை நடுவே ஒரு சட்டியில் மிளகாய் எண்ணெய்ச் சாறு சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது; வேண்டியதை அதில் போட்டு வேகவைத்துச் சாப்பிட வேண்டும். வடக்கத்திக்காரர்கள் என்று இரக்கப்பட்டு ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் காரமில்லாத வெள்ளைச் சாறும் வைத்திருந்தார்கள். குவோ அக்கா யுன்லானுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்து, அதன் முதுகில் தன் ஊதாத் துணியைப் போட்டு இடம் பிடித்திருந்தாள்.

"பொண்ணு எப்ப வருவா?"

"வேலை முடிய நேரமாகும்போல" என்றேன். வெந்த மாட்டு இரைப்பையில் ஒரு துண்டை எண்ணெயில் தோய்த்து வாயில் போட்டேன். இந்த ஊர் மிளகில் உடனே நாக்கு மரத்தது. இனிமேல் பொய் சொன்னாலும் குழறும், தப்பித்தோம் என்று நினைத்தேன்.

குவோ அக்கா காத்திருக்கிறவள் அல்ல. போனை எடுத்து யுன்லானிடம் நீட்டினாள். "பொண்ணு வர்றதுக்குள்ள நீ பார்த்துடு தங்கச்சி. இவன்தான் யிமிங். போன வருஷம் எடுத்தது."

நான் எட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டு, பார்த்தால் தெரிந்தது. முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. கண்ணாடி. சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தான். கையில் ஒரு மீன் தட்டைப் பிடித்துக்கொண்டு, அதை யாராவது பாராட்டுவார்களா என்ற முகத்தோடு நின்றான்.

யுன்லான் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். மறுபடி முகத்துக்குப் போனாள். மேசையில் பேச்சு ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று ஆரம்பித்துவிட்டது. அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மீன் அவனே பண்ணினதா?" என்று கேட்டாள்.

என் குச்சியிலிருந்து இரைப்பை கொதிக்கிற சாற்றில் விழுந்தது. மூன்று வருடத்தில் யுன்லான் ஒருவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"அவனேதான்! எங்க வீட்டுக்கு வந்தா என்னை அடுப்படியிலயே விடமாட்டான். கோபமே வராது தங்கச்சி. அவங்கப்பா மாதிரி இல்ல. அவருக்குச் சோத்துல கல்லு இருந்தா ஊரே கேக்கும். இவன் கல்லை எடுத்து ஓரமா வெச்சுட்டு சாப்பிடுவான்."

யுன்லான் தலையாட்டினாள். இன்னும் கொஞ்சம் பார்த்தாள். பிறகு போனைத் தன் சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க பொண்ணு செத்துப்போயிட்டாக்கா. மூணு வருஷமாச்சு. இவரு சொன்னது எதுவும் நிஜம் இல்ல."

யாரோ எரிவாயுவைக் குறைத்தார்கள். ஆனாலும் கொதிப்பது நிற்கவில்லை. என்னைத் திட்டுவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். யாரும் திட்டவில்லை. குவோ அக்கா தன் வாயில் தானே ஒரு தட்டு தட்டிக்கொண்டாள். "இந்த வாய் இருக்கே, இந்த வாய்..." என்றாள். பிறகு வெள்ளைச் சாற்றிலிருந்து சோயாக் கட்டியாகத் தேடித் தேடி எடுத்து யுன்லானின் கிண்ணத்தில் போட்டாள். கிண்ணம் நிறைந்த பிறகும் போட்டாள். காலியான நாற்காலியிலிருந்து தன் துணியை எடுப்பதா விடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசிவரை அது அங்கேயே கிடந்தது; கிளம்பும்போது நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பேருந்தில் முதல் இருக்கை எங்களுக்கு. மடியில் ஆரஞ்சுகள் குவிந்தன. லூ ஒலிபெருக்கி இல்லாமல் பக்கத்தில் வந்து, "மாமா, படி அதிகம், மெதுவா வாங்க" என்றாள். ஒருவர்கூட என்னிடம் எதையும் கேட்கவில்லை. இரண்டே நாளில் எங்கள் ஊர் இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது.

கடைசியாக, யாங்சி ஆற்றைக் கம்பியில் தொங்கிக்கொண்டே கடக்கிற வண்டி. அதற்கான வரிசையில் யுன்லானிடம் கேட்டேன்.

"ஏன் சொன்னே?"

"சொல்லணும்னு தோணுச்சு."

"அது பதிலா?"

முன்னால் இருந்தவர் நகர்ந்தார். அவளும் நகர்ந்தாள்.

வண்டிக்குள் ஆளோடு ஆளாக அடைத்தார்கள். எங்கள் இருவரையும் கண்ணாடியோடு சேர்த்து அழுத்திவிட்டார்கள். கீழே ஆறு இருக்கிறது என்று சொன்னார்கள். பனிமூட்டத்தில் எனக்குச் சாம்பல் நிறம் மட்டும்தான் தெரிந்தது. எதிர்க் கரையும் இல்லை, வந்த கரையும் இல்லை. கூட்டத்தில் எங்கேயோ குவோ அக்கா யாரிடமோ அடக்கமாகப் பேசுகிற சத்தம் கேட்டது. அவள் அடக்கமாகப் பேசுவது எனக்குச் சங்கடமாக இருந்தது.

"இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தா ஊருக்குப் போயிருப்போம்" என்றேன். "குவோ அக்காவை அப்புறம் எங்க பார்க்கப் போறோம்? அவங்களும் மறந்துட்டிருப்பாங்க. நான் புளுகிக்கிட்டே முடிச்சிருப்பேன். என்னை அத்தனை பேர் முன்னாடி அசிங்கப்படுத்தணும்னா?"

"இல்ல."

"அப்ப நிங்கைப் பத்திப் பொய் சொன்னேன்னு கோபமா?"

"அதுவும் இல்ல. நீ பேசினது நல்லாத்தான் இருந்துது. அந்தப் பூனைகூட."

"பின்ன என்னதான் யுன்லான்?"

எதுன்னாலும் சரி என்பாள் என்று காத்திருந்தேன். அவள் கண்ணாடியில் படிந்த தன் மூச்சைக் கையால் துடைத்தாள். பிறகு முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பையனை எனக்குப் பிடிச்சுப்போச்சு" என்றாள். "முடி கொட்டியிருந்தாலும் பரவால்ல, நம்ம பொண்ணை நல்லா வெச்சுப்பான்னு தோணுச்சு. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துட்டிருந்தா சம்மதம்னு சொல்லியிருப்பேன். அதான் உண்மையைச் சொல்லிட்டேன்."