அளவு எடுக்காமல் வாங்கிய சைக்கிள்

ஷூவில்தான் முதல் சந்தேகம் கிளம்பியது.

"சைக்கிள்ல போற பிள்ளைக்கு ஷூ எப்படிங்க தேயும்?" என்று கேட்டு, மகளின் ஷூவைத் தூக்கித் தையல் மெஷின் மேல் வைத்தாள் மனைவி. குதிகால் பக்கம் கரைந்து ஓட்டை விழுந்திருந்தது. பிரேக் பிடிக்காமல் காலைத் தேய்த்து நிறுத்துகிறாள் போலிருக்கிறது என்று டெய்லர் சமாளித்தார். சொல்லும்போதே உள்ளுக்குள் என்னவோ இடறியது.

தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் 'கண்ணளவு'. ஆள் கடைப் படி ஏறும்போதே இடுப்பு, தோள், கை நீளம் மூன்றையும் சொல்லிவிடுவார். டேப் கழுத்தில் சும்மா மாலை மாதிரி தொங்கும். அந்தத் திமிரில்தான் மகளைக் கூட்டிக்கொள்ளாமலே சைக்கிள் வாங்கப் போனார். அவளுடைய தோழிகள் நாலைந்து பேர் சைக்கிளில் கூட்டமாகப் பள்ளிக்குப் போவார்கள். அந்தக் கூட்டத்தோடு தானும் போக வேண்டும் என்று தூக்கத்தில்கூட அனத்திக்கொண்டிருந்தாள் அவள்.

பிள்ளையை ஏற்றிப் பார்த்து வாங்குங்கள் என்று கடைக்காரர் தலைப்பாடாய் அடித்துக்கொண்டார். நீலத்தில் ஒரு சின்ன சைக்கிளையும் காட்டினார். டெய்லரின் கை பக்கத்தில் நின்ற பெரிய சிவப்புக்குத்தான் போனது.

"வளர்ற பிள்ளைண்ணே. இன்னைக்கு அளவுக்கு வாங்கினா நாளைக்கு யாரு ஓட்டுறது?"

"பாவாடைன்னா உள்ளே மடிச்சுத் தைப்பீங்க. இதை எங்க மடிப்பீங்க?"

சிரித்துக்கொண்டே சிவப்பைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

சீட்டை அடிவரை இறக்கியும் அவள் கால் விரல் நுனிதான் தரையைத் தொட்டது. போகப் போகப் பழகிவிடும் என்றார். அவளும் தலையாட்டினாள். அதன் பிறகு எப்போது கேட்டாலும் "நல்லா ஓடுதுப்பா" என்ற ஒரே பதில்தான்.

ஷூ மெஷின் மேல் ஏறிய மறுநாள், மகள் கிளம்பியதும் டெய்லரும் பின்னாலேயே கிளம்பினார். தைத்த துணியைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் ஒரு சாக்கு.

தெருமுனை வரை அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனாள். திரும்பியதும் ஏறுவாள் என்று பார்த்தார். திரும்பினாள். ஏறவில்லை. மருந்துக் கடை தாண்டியும் ஏறவில்லை. பின்னாலிருந்து பெல் சத்தம். தோழிகள் அவளைக் கடந்து பறந்தார்கள். அவள் சைக்கிளைத் தள்ளியபடி அவர்கள் பின்னால் ஓடினாள். முதுகில் புத்தகப் பை எகிறியது. ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்ப்பதை அவர்கள் எப்போதோ விட்டிருந்தார்கள்.

டெய்லர் ஓடிப்போய் ஹாண்டில்பாரைப் பிடித்தார்.

"ஏம்மா ஏறல?"

கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல விழித்தாள். "முதல் நாளே விழுந்துட்டேன்பா. நிறுத்தினா கால் எட்டல."

"அப்பாகிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீங்க பார்த்த அளவு தப்பாகாதேப்பா. நான்தான் இன்னும் வளரலைன்னு நினைச்சேன்."

டெய்லர் சைக்கிளைத் தன் கைக்கு வாங்கித் தள்ளிக்கொண்டு அவளோடு பள்ளி வரை நடந்தார்.

சாயங்காலம் மகளோடு அதே கடை. சிவப்பைக் கொடுத்து நீலத்தைக் கேட்டார். கடைக்காரர் குத்திக்காட்டாமல் அதைத் துடைத்து நிறுத்தினார். அவள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் அழுந்தின. மலர்ந்த முகம் சட்டென்று சுருங்கியது. இறங்கிவிட்டாள்.

"வேண்டாம்பா. சீக்கிரம் சின்னதாயிடும்."

குரல் அவளுடையது. பேச்சு அவருடையது. டெய்லர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். முழங்கையைத் தாண்டி வழியும் சட்டைக் கை. முழங்காலுக்குக் கீழே மடிப்பு கனத்துத் தொங்கும் பாவாடை. எல்லாம் அவர் கைவேலைதான். ஊரார் பிள்ளைகளுக்குக் கச்சிதமாகத் தைத்தவர், இவளுக்கு மட்டும் எப்போதும் அடுத்த வருஷத்துக்கே தைத்திருக்கிறார்.

"சின்னதானா ஆகட்டும்மா. ஏறு."

மறுநாள் காலை நீலச் சைக்கிள் சிட்டாய்ப் பறந்தது. டெய்லர் தெருமுனை வரை பின்னால் போய் நின்றார். அங்கே அவள் இரண்டு காலையும் ஊன்றித் தோழிகளுக்காகக் காத்திருந்தாள். கூட்டம் வந்தது. பேச்சு மும்முரத்தில் அவளைக் கடந்து போனது. இன்றைக்கு ஓர் அழுத்து அழுத்தினால் எட்டிப் பிடித்துவிடலாம்.

அவள் அழுத்தவில்லை. அவர்கள் கொஞ்சம் முன்னே போகட்டும் என்று விட்டுவிட்டு, அதே இடைவெளியில், தனியாக, மெல்ல மிதித்தாள். பழகிவிட்டிருந்தது.