சூராட் வயது

டாக்டர் மலாய் மொழியில் திட்டத் திட்ட, என் மகள் அகத்தா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெற்றவள் நான், ரோசம்மா, கல்லாட்டம் நின்றேன்.

"நீ தாட வார போடுறதே இல்லையாம்" என்று நர்ஸ் மிஸ்ஸி புஷ்பவள்ளி தமிழில் சொன்னாள். "போட்டிருந்தா ஒன்றர வருசத்துல தாட இப்படியா இருக்கும்னு டாக்டர் கேக்குறாரு. ஏன் ஜெனவீவ், பொய் சொல்றியா?"

ஜெனவீவ் என்றது அகத்தாவைத்தான். எல்லாம் நான் செய்த திருட்டு வேலை.

அகத்தா சுங்கை லாலாங் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். மாதா கோவிலில் ஞானஸ்நானம் கொடுத்தோம்; சூராட், அதாவது பிறப்புப் பத்திரம், எடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஆஸ்பத்திரியில் பிறந்தவள் ஜெனவீவ். அவளுக்குச் சூராட் உண்டு. எட்டாம் மாதம் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது, சூராட் மட்டும் பெட்டியில் கிடந்தது. ஏழு வயதில் அகத்தாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். சூராட் இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்றார்கள். அவளுக்கு ஒன்பது வயதானபோது, செத்துப்போன சின்னவளின் சூராட்டை நீட்டினேன். சேர்த்துக்கொண்டார்கள்.

"யாரு கேட்டாலும் நீ ஜெனவீவ், ஏழு வயசு. மாத்திச் சொன்னே, அம்மாவ போலீஸ் புடிச்சிக்கிட்டுப் போயிரும்" என்று மிரட்டி வைத்தேன்.

அப்புறம் அவளுடைய கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னே வர ஆரம்பித்தது. முன்பற்கள் ஒன்றோடொன்று சேராது. ஒரு மாங்காய்த் துண்டைக் கடிக்க முடியாது. பயல்கள் "ஏய் தாடை" என்றே கூப்பிட்டார்கள். எழுபத்தேழில் பள்ளிக்கு வந்த பல் மிஸ்ஸி டவுன் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாள்.

அங்கே இரண்டு காதிலும் குச்சியை விட்டு, தலை அசையாமல் நிறுத்தி, பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தின் மேல் கண்ணாடி மாதிரித் தாளை வைத்து, மண்டையையும் தாடையையும் பென்சிலால் வரைந்து, புள்ளி வைத்துக் கோணம் அளந்தார்.

"பத்து வயசுதானே, நெறைய டைம் இருக்காம். எலும்பு வளர்றப்பதான் தாடய அடக்க முடியுமாம்" என்றாள் மிஸ்ஸி. "வயசுக்கு வந்துட்டாளாக்கா?"

வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அகத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு.

"ஐயோ, இல்ல மிஸ்ஸி, சின்னப்பிள்ள" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். இரண்டு வயது வித்தியாசத்தில் என்ன குடிமுழுகிப் போகும் என்று நினைத்தேன், பாவி.

தாடைக்கு ஒரு கிண்ணம், தலைக்கு ஒரு வார், இரண்டையும் இழுத்துப் பிடிக்க ரப்பர். சாயங்காலம் மாட்டினால் காலையில்தான் கழற்றலாம். அகத்தா ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒருக்களித்துப் படுத்தால் நழுவும் என்று மல்லாந்தே தூங்கினாள். தாடையில் புண் வந்தது; தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு மறுபடி மாட்டினாள். "சரியாயிரும்தானேம்மா?" என்று கேட்பாள். "ஆயிரும்லா" என்பேன்.

இப்போது டாக்டர் பழைய தாளின் மேல் புதிய தாளை வைத்துக் காட்டினார். தாடை துளியும் வழிக்கு வரவில்லை. பதினோரு வயதுப் பிள்ளைக்கு இப்படி இருக்க நியாயமே இல்லையாம். போடாத பிள்ளைக்கு இங்கே இடமில்லை, வரிசையில் மற்ற பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று ஃபைலை மூடப் போனார்.

பதினோரு வயது என்ற பேச்சில் எனக்குப் பயம் வந்துவிட்டது. வயதைப் பற்றிக் கேள்வி வந்தால்? அந்தப் பயத்தில் வாயில் வந்ததைக் கேளுங்கள்.

"சொன்னா எங்க கேக்குறா மிஸ்ஸி? நான் தூங்குனதும் கழட்டிப் போட்டுர்றா."

அகத்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். புண் காய்ந்த தாடையை ஒரு தரம் தொட்டுக்கொண்டாள்.

"ஆமா மிஸ்ஸி, கழட்டிருவேன்" என்றாள்.

சேசுவே! என் பொய்யை என் பிள்ளை தூக்கிச் சுமந்தாள். என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதேன். வயது, சூராட், செத்த பிள்ளை, எல்லாவற்றையும் கொட்டினேன். மிஸ்ஸி ஒவ்வொன்றாக மலாயில் சொன்னாள்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. அந்த இரண்டு தாள்களையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"வளர்ச்சி முக்காவாசி முடிஞ்ச பெறகுதான் அவரு இத மாட்டியிருக்காரு. உண்ம வயசு தெரிஞ்சிருந்தா இந்தப் பிள்ளய இப்படி வதைச்சிருக்க மாட்டேங்கிறாரு" என்றாள் மிஸ்ஸி. "இனிமே பதினெட்டு வயசுக்கு அப்புறம் எலும்ப வெட்டி ஆபரேசன்தான் செய்யணுமாம்க்கா."

டாக்டர் ஃபைலை மறுபடி திறந்தார். மேலே இருந்த பெயரின் குறுக்கே ஒரு கோடு போட்டார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அகத்தாவின் பக்கம் குனிந்து, உன் பெயர் என்ன என்று அவரே மலாயில் கேட்டார்.

அவள் தரையில் கிடந்த என்னைப் பார்த்தாள்.

"சொல்லலாமாம்மா?" என்றாள்.