வயிறு நிறைந்து செத்தவை

பட்டிக்குள் வரிசையாகக் கிடத்தியிருந்த பனிமான்களில் முதல் மானின் வயிற்றைப் பிர்கெத் கத்தியால் கீறினாள். உள்ளேயிருந்து புல் பிதுங்கிக்கொண்டு வந்தது. பட்டினி கிடந்து செத்த மானுக்கு வயிறு ஒட்டிப் போயிருக்க வேண்டும். இதற்கோ கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்தது போல முட்டிக்கொண்டிருந்தது. செரிக்காமல், தண்டு தண்டாக, தின்றது தின்றபடி கிடந்த அந்தப் புல்லை அள்ளி அவள் கண்ணாடிக் குழாய்களில் அடைத்தாள். ஏன் இப்படி ஆனது என்று அங்கே நின்றவர்களுக்கு அவளால் விளக்கிச் சொல்ல முடியும். அதைத்தான் நான்கு வருஷமாகப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்துகொண்டிருக்கிறாள். வாய்தான் வரவில்லை.

அந்த வருஷம் நார்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க் மேட்டுநிலத்தில் நவம்பரில் மழை பெய்து தொலைத்தது. பனிமேல் விழுந்த மழை உறைந்து கண்ணாடியாக இறுகிவிட்டது. அதற்கடியில்தான் பாசி இருக்கிறது. குளிர்காலம் முழுக்க மான்கள் தோண்டித் தின்பது அதைத்தான். குளம்பு தேயத் தோண்டியும் எட்டவில்லை. பிப்ரவரிக்குள் மந்தை எலும்பும் தோலுமானது. பிர்கெத்தின் தாய்மாமன் அஸ்லாத், மான்களைப் பட்டியில் அடைத்துவிட்டு, கடற்கரைப் பக்கத்து மாட்டுப் பண்ணை ஒன்றிலிருந்து, காற்றுப் புகாமல் சுற்றிப் பதப்படுத்திய புல்கட்டுகளை லாரியில் வரவழைத்தார். ஒரு கட்டைப் பிரித்து, போட்டோ எடுத்து மருமகளுக்கு அனுப்பி, கையோடு போனும் பண்ணினார். இதைப் போடலாமா என்பதுதான் கேள்வி.

அவள் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியரோடு காபி குடித்துக்கொண்டிருந்தாள். மனுஷர் அவளுடைய கட்டுரையை ஓஹோவென்று புகழ்ந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மாமா. போட்டோவைத் திறந்தாள், பெரிதாக்கிப் பார்க்கவில்லை. பச்சையாக இருந்தது, அது போதும். புல்தானே, தாராளமாகப் போடுங்கள், இரண்டு நாளில் பழகிவிடும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

பல்கலைக்கழகத்தில் அவள் சோதித்த மான்கள் வேளாவேளைக்குத் தின்று கொழுத்தவை. அவற்றுக்குப் போட்டதும் இலை மட்டுமே உள்ள இளம்புல். வாரக்கணக்கில் பட்டினி கிடந்த மானின் வயிற்றில் புல்லைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் செத்துப் போயிருக்கும், முற்றிய தண்டு உள்ளே போனால் அடைத்துக்கொண்டு நிற்கும் என்பது அவள் கட்டுரையிலேயே மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. எழுதத் தெரிந்த மேதாவிக்கு அதைப் போனில் சொல்லத் தோன்றவில்லை. மறந்துவிட்டாள் என்று சொன்னால் அது அவளுக்குக் காட்டும் சலுகை. பேராசிரியர் பார்த்துக்கொண்டிருக்க, எல்லாம் தெரிந்தவள் போல் பட்டென்று பதில் சொல்வதில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்துக்கு முப்பதுக்கு மேற்பட்ட மான்கள் செத்தன.

துறைத்தலைவருக்குச் செய்தி எட்டியதும் அவர் துள்ளிக் குதிக்காத குறை. இப்படிப்பட்ட ஆய்வு மாதிரிகள் கிடைப்பது அபூர்வம், உன் சொந்தக்காரர்கள்தானே, நீயே போய் எடுத்து வா என்றார். என்ன நடந்தது என்று அவரிடமும் அவள் சொல்லவில்லை. குழாய்களையும் படிவங்களையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

மாமா பட்டி வேலியில் சாய்ந்து நின்றிருந்தார். சுன்னா அத்தை செத்த மான்களின் காதுகளை அறுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். யாருடைய மான் என்பதற்குக் காதிலுள்ள வெட்டுக்குறிதான் சாட்சி. அதில் மூன்று ஜோடிக் காதில் பிர்கெத்தின் குறியே இருந்தது. அத்தை அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் மற்றவற்றோடு சேர்த்துப் போட்டாள். அதே மேய்ச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் பெரியவர் யோவ்னாவும் இன்னும் இரண்டு மந்தைக்காரர்களும் காலையிலிருந்தே வந்து நின்றிருந்தார்கள். யாரும் அவளைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. காபி கொடுத்தார்கள். கை விறைத்தபோது யோவ்னா தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார்.

கடைசியில் படிவம். எத்தனை நாள் பட்டினி, என்ன தீனி, எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். அடியில் ஒரு கேள்வி இருந்தது. அந்தப் படிவத்தைத் தயாரித்தவளே அவள்தான். தீனி பற்றி யாரிடமாவது ஆலோசனை கேட்டீர்களா, கேட்டிருந்தால் யாரிடம். தாண்டிப் போய்விடலாமா என்று பார்த்தாள். எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள், வேறு வழியில்லாமல் படித்தாள்.

"யாரையும் கேக்கல," என்றார் மாமா. "என் புத்திக்குப் பட்டதைப் போட்டேன். எழுதிக்கம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் வேலிக்கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பாற்றுகிறார் என்று புரிந்தது. அந்தக் கணத்தில் அவளுக்கு அழுகை வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வந்தது நிம்மதி. பென்சிலை அழுத்தி, அழகான கையெழுத்தில், "இல்லை" என்று எழுதினாள்.

யோவ்னா தொண்டையைச் செருமினார். "ஏம்ப்பா அஸ்லாத், வீட்டுலயே டாக்டரம்மாவை வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? அப்படி என்ன வீம்பு உனக்கு?"

"அவளுக்கு ஆயிரம் வேலை. எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்."

மற்ற இருவரும் பூட்ஸால் பனியைக் கிளறினார்கள். பிர்கெத் குழாய்களைப் பெட்டியில் அடுக்கினாள். மே மாதம் பட்டத்துக்கான தேர்வு, இப்போது பெயர் கெட்டால் என்ன ஆவது, மாமாவே சொன்ன பிறகு நாம் மறுத்தால் அவருக்குத்தானே அவமானம் என்று நியாயங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது யோவ்னா, தானும் அதே பண்ணையில் சொல்லி வைத்திருப்பதாகவும், நாளைக்கு லாரி வருகிறது என்றும், வேறு போக்கில்லை என்றும், யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

அதற்கு மேல் தாங்கவில்லை.

"அந்தப் புல்லைப் போடாதீங்க," என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "மாமா என்னைக் கேட்டாரு. நான்தான் போடச் சொன்னேன். எல்லாம் என் தப்பு."

சொன்னதும் நெஞ்சு லேசானது. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. யாராவது திட்டுவார்கள், மாமா சமாதானம் சொல்வார், நாம் அழுவோம், எல்லாம் தீரும் என்று காத்திருந்தாள்.

"தெரியும்," என்றார் யோவ்னா.

அவளுக்குப் புரியவில்லை.

"போனை ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தாரு. நாங்க எல்லாரும் இதே இடத்துலதான் நின்னோம். நம்ம பாஷை மறந்துபோன மாதிரி நார்வேஜியன்ல பேசின. உங்க மாமா இன்னொண்ணு கேக்க வாயைத் தொறந்தாரு. நீ வெச்சுட்ட."

பிர்கெத் மாமாவைப் பார்த்தாள். என்ன கேட்க வந்தீர்கள் என்று கேட்கவே பயமாக இருந்தது, ஆனாலும் கேட்டாள்.

"தண்டு தடிமனா இருக்கே, பரவாயில்லையான்னு," என்றார் அவர். குரலில் கோபமே இல்லை.

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத சுன்னா அத்தை சாக்கின் வாயைக் கட்டினாள். "வந்து இறங்கினதும் சொல்லிடுவேன்னு நெனச்சோம் பாப்பா. சரி, காபி குடிச்சுட்டுச் சொல்லுவேன்னு பாத்தோம். அந்தத் தாள்லயாவது எழுதுவேன்னு பாத்தோம்."

பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. ஆனால் அங்கே பூமி இரண்டடிப் பனிக்கும் பனிக்கட்டிக்கும் கீழே இருந்தது. மாமா அவளுக்காகச் சொன்ன பொய்யை அங்கே நின்ற அத்தனை பேரும் பொய்யென்று தெரிந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பென்சிலை அழுத்தி எழுதியதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிவத்தை எடுத்து "இல்லை" என்பதை அடித்து, மேலே தன் பெயரை எழுதினாள். இந்தத் தடவை யாரும் பார்க்கவில்லை.

யோவ்னா போனை எடுத்திருந்தார். ஆல்டா நகரத்திலிருந்த கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டார். மாமாவும் மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். அந்தப் பெண் மருத்துவர் பதில் சொல்லும் முன் கேள்வியாகக் கேட்டார். முதல் அறுப்பா இரண்டாம் அறுப்பா, எத்தனை நாளாகப் பட்டினி, தண்டை விரலால் மடித்தால் மடிகிறதா முறிகிறதா என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். லாரியை நிறுத்தச் சொன்னார். கையால் பொறுக்கிச் சேர்த்த பாசி கொஞ்சம் இருக்கிறது, அதைக் குட்டிகளுக்கு முதல் நாளில் எவ்வளவு போடுவது என்று யோவ்னா கேட்டபோது மட்டும் தயங்கினார்.

"அது எனக்கு நிச்சயமாத் தெரியலங்க. விசாரிச்சுட்டு ஒரு மணி நேரத்துல கூப்பிடுறேன்."

"சரிங்க டாக்டர். காத்துக்கிட்டிருக்கோம்," என்றார் யோவ்னா, ரொம்பப் பணிவாக.

அந்தக் கணக்கு பிர்கெத்துக்கு மனப்பாடம். பத்தடி தள்ளி, திறந்து கிடந்த மான்களுக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு மணி நேரமும் அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.