சரிந்த தாடை

களிமண் தலை காய்ந்துவிடாமல் அதன்மேல் துணியை நனைத்துப் போட மட்டும்தான் அண்ணன் மகள் அத்தையிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "கை மட்டும் வெச்சுடாதீங்க அத்தை. உங்க கை சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் போன கண்காட்சியில் யாரோ அவள் காதுபடவே, "எல்லாச் சிலையும் அத்தை பெத்த புள்ளைங்க மாதிரியே இருக்கு" என்றதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் மட்டுமா? அத்தையின் சிலைப் பட்டறையில் மண் பிசைந்து பழகிய பிள்ளைகள் அத்தனை பேர் செய்வதிலும் அத்தையின் ஜாடை இருந்தது. அவர் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்துப் பார்த்தே ஒட்டிக்கொண்டது.

இந்தத் தலை அவளுடைய அம்மாவுடையது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, அத்தை இல்லாத நேரமாகப் பார்த்துத் தனியாகச் செய்தாள். இந்தக் கண்காட்சிக்கு இது ஒன்றுதான்.

துணியை விலக்கியதும் அத்தைக்குத் திக்கென்றது. இடது தாடை இறங்கியிருந்தது. உதட்டோரமும் கூடவே இழுபட்டிருந்தது. ஈரம் அதிகமானால் களிமண் இப்படித்தான் சரியும். விட்டால் கன்னமே கீழே வந்துவிடும். உள்ளங்கையால் தாங்கி மேலே ஏற்றினார். கட்டைவிரலால் ஒரு இழுப்பு. மண் சொன்னபடி கேட்டது. தள்ளி நின்று பார்த்தார். அழகாக இருந்தது. கல்யாணத்தன்று அண்ணி இப்படித்தான் இருந்தார்.

அப்போதுதான் உறைத்தது. கல்யாணத்தன்று இந்தப் பெண் ஏது? இவளுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அண்ணிக்குப் பக்கவாதம் வந்து வாய் கோணிவிட்டது. அந்தக் கோணல் வாயால்தான் இவளைக் கொஞ்சினார், திட்டினார், சோறு ஊட்டும்போது தானும் 'ஆ' காட்டினார்.

பதறிப்போய்த் தாடையை இறக்கினார். இறங்கியது, அதுவும் அழகாக இறங்கியது. மறுபடி அழுத்தினார். எப்படிக் கோணினாலும் அது அத்தையின் கோணலாகவே வந்தது. அதற்கு நேராக இருப்பதே தேவலை என்று திரும்ப ஏற்றி வைத்தபோது வாசலில் செருப்புச் சத்தம்.

அவள் வந்து சிலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கை வெச்சீங்களா அத்தை?"

"மண்ணு சரிஞ்சிருக்குன்னு நெனச்சேன் கண்ணு..."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"நான்தான் ரொம்பக் கோணலாக்கிட்டேன் போல. அம்மாவுக்கு அவ்வளவு இல்லையோ? மொகமே மறந்துக்கிட்டு வருது அத்தை. உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

"இல்லடி, நீ..."

அதற்குள் அவள் பையை மூலையில் போட்டுவிட்டு மண் வழிக்கும் கம்பியை எடுத்துவிட்டாள். வலது உதட்டோரம் மட்டும் இன்னும் அவள் செய்தபடியே, லேசாக மேலேறி இருந்தது. அத்தை திருத்திய பக்கத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அதற்குச் சமமாக இதையும் வழித்தாள். மண் சுருண்டு தரையில் விழுந்தது.

அத்தை குனிந்து எடுத்தார். உள்ளங்கையில் அந்த உதட்டோரம் நசுங்காமல், ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது.