தங்கச்சிக்குக் கொம்பியூட்டர் எண்டால் பயம்

1

இந்தக் கதை பிறந்தது கோபத்தில். போன கிழமை கனடாவிலிருக்கும் என் அண்ணை பிரகாஸ் முகநூலில் ஒரு பழைய படம் போட்டார். அச்சுவேலியில் எங்கள் வீட்டு முன்னறை, வீட்டின் முதல் கொம்பியூட்டர், பக்கத்தில் மீசை அரும்பிய அவர். கீழே எழுதியிருந்தார்: "அது ஒரு பொற்காலம். தங்கச்சிக்குக் கொம்பியூட்டர் எண்டால் பயம், கிட்டவும் வரமாட்டாள்." சொந்தக்காரர் எல்லாரும் சிரித்திருந்தார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

2

தொடக்கம் ஒன்று: "சமாதான காலத்தில், போரால் மூடிக்கிடந்த பாதை திறந்த கையோடு, கொழும்பிலிருந்து ஒரு பெரிய பெட்டி வந்து..." சீ! இதுவும் அண்ணையின் பொற்காலமாகவே போகிறது. வெட்டு.

தொடக்கம் இரண்டு: "கஜானி என்றொரு பெண்பிள்ளை..." யாரை ஏமாற்றுகிறேன்? கஜானி நான்தான். அப்போது உயர்தர வகுப்பில் படித்தேன். அண்ணை விளையாடி அலுத்து எழும்பினால்தான் எனக்குக் கதிரை கிடைக்கும். பாமினி எழுத்துருவில் ஒவ்வொரு விசையாகத் தேடித் தேடித் தட்டி ஒரு கதை எழுதினேன். என் முதல் கதை.

[அந்தக் கதிரைக்கு ஒரு கால் ஆடும். அண்ணையின் படத்தில் அது விழவில்லை.]

3

சரஸ்வதி பூசைக்கு அம்மா கொம்பியூட்டரையும் கும்பத்தடியில் வைத்தா. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். விசைப்பலகையில் ஒரு செவ்வரத்தம்பூ. பூசையில் வைத்ததை விஜயதசமி வரை ஒருவரும் தொடக்கூடாது. நான் தொடவில்லை. (அண்ணை கண்ட பயம் இதுதானாக்கும்!)

விஜயதசமியன்று தலைமுழுகிவிட்டு வந்து, ஏடு தொடக்கும் நேரத்தில் கொம்பியூட்டரைத் திறந்தேன். புதுக் கிரிக்கெட் விளையாட்டு ஒன்று இருந்தது. கதை இல்லை. பூசை நாளில் நாங்கள் கோயிலுக்குப் போன நேரத்தில் அண்ணை உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு அந்த விளையாட்டைப் போட்டிருந்தார்.

"அவன் கொம்பியூட்டர் நிரம்பி இடங்காணாமல் அழிச்சுப்போட்டான்," என்றா அம்மா. "கதைதானேயடி. படிப்பே அழிஞ்சது?"

[நான் மன்னித்ததாக இவ்விடத்தில் ஒரு வரி வந்தால் கதை அழகாக இருக்கும். வராது.]

4

முடிவு ஒன்று: அண்ணை விம்மி விம்மி... நடக்கிற காரியமா? வெட்டு.

முடிவு இரண்டு: நான் சிரித்து, படத்துக்கு ஓர் இதயக்குறி போடுகிறேன். செத்தாலும் மாட்டேன்.

நடந்தது இது. இன்று பின்னேரம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, அந்த வரியை எடுங்கோ. நான் பயப்பிடேல்லை. எழுதினனான். நீங்கள்தான் அழிச்சனீங்கள்."

"உந்தப் பழசை இன்னும் மனசிலை காவிக்கொண்டு திரியிறியே? கேம் போட இடம் காணேல்லை எண்டு..." நிறுத்தினார். "இல்லை. பொய். நான் அதை வாசிச்சனான், கஜா."

"வாசிச்சுப்போட்டே அழிச்சனீங்கள்?"

"அப்பா அம்மாவுக்கு அடிக்கிறதை அப்பிடியே எழுதியிருந்தாய். ஊருக்குத் தெரிஞ்சால் எங்கடை மரியாதை என்னாகும்? இப்பவும் சொல்லுறன், எழுதாதை. அப்பாவும் செத்திட்டார். விடு."

மரியாதை! அடி வாங்கினது அம்மா, மரியாதை போவது எங்களுக்காம். இவ்வளவு காலமும் ஒரு விளையாட்டுக்காக என் கதை போனதென்று எரிந்துகொண்டிருந்தேனே, விசரி. அது சின்னக் கோபம். இப்போதுதான் எனக்கு உண்மையான கோபம் வருகிறது.

5

அழிந்த கதையில் முதல் வரி மட்டும் நினைவிருக்கிறது. அதை அண்ணைக்கு உரத்துச் சொன்னேன்:

"அப்பா கை ஓங்கினதும் அம்மா எட்டி றேடியோவின் சத்தத்தைக் கூட்டுவா, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாதென்று."

அண்ணை போனை வைத்துவிட்டார்.

அடுத்த அறையில், என்னோடு இருக்கும் அம்மா ரீவியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தா. நான் அந்த வரியைச் சொல்லி முடிக்க, ரீவியின் சத்தம் கூடியது.

இன்னும் குறையவில்லை. வீடே அதிர்கிறது. இரண்டாவது வரியை எழுதுவதென்றால் அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதவேண்டும். நான் எழும்பிப் போனேன் என்றோ, போகவில்லை என்றோ எழுதமாட்டேன். ரிமோட் அம்மாவின் கையில் இருக்கிறது. முடிவு வேண்டுமென்றால், வாசகரே, நீங்களே போய் அதை அவவிடமிருந்து வாங்குங்கள், பார்ப்போம்.