முத்திரை ஒட்டாத சான்றிதழ்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் கிடையாது. எல்லாருக்கும் அவர் பளபளாதான். பளபளா கடை எது என்று கேட்டால் யாரானாலும் கை காட்டுவார்கள். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், சுவரோரம் ஒரு பெஞ்சு, அவ்வளவுதான் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. காலையில் மெஷினைப் போட்டதும் சூடான பிளாஸ்டிக் வாசனை கதவிடுக்கு வழியாக அடுக்களை வரைக்கும் போகும். அந்த வாசனை வந்த பிறகுதான் அவர் மனைவி அடுப்பையே பற்றவைப்பாள்.

மனிதர் தங்கமானவர்தான், ஆனால் ஒரு கிறுக்கு உண்டு. மனசுக்குப் பிடித்தது எதுவானாலும் லேமினேஷன் போட்டுவிடுவார். மகள் முதன்முதலாகக் கிறுக்கிய யானை பிளாஸ்டிக்குக்குள் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை இருக்கிறது. கடைக்கு வந்த முதல் மின்சார ரசீதுகூட இருக்கிறது. ஒரு தடவை ஏதோ நினைப்பில், மனைவி எழுதி வைத்திருந்த காய்கறிச் சீட்டையும் உள்ளே தள்ளிவிட்டார். அந்த அம்மாள் அசரவில்லை. அதையே வருஷக்கணக்கில் காய்கறிக் கடைக்கு எடுத்துப் போய், வந்ததும் ஈரத்துணியால் துடைத்து ஆணியில் மாட்டினாள்.

"உங்கப்பாவுக்கு என்னையும் உள்ள தள்ளிடணும்னு ஆசைதான். மெஷின் வாய் சின்னதாப் போச்சு, பொழச்சேன்" என்பாள் மகளிடம்.

அப்படிப்பட்டவர் மகளின் சான்றிதழ்களை விட்டுவைப்பாரா? பிறப்புச் சான்றிதழிலிருந்து எல்லாம் அன்றன்றைக்கே உள்ளே போய்விட்டன. பட்டச் சான்றிதழ் வந்த நாளில் அவளை அதை அம்மாவிடம் காட்டக்கூட விடவில்லை. வாசலிலேயே வாங்கிக்கொண்டு மெஷினுக்கு ஓடினார். மறுபக்கம் அது பளபளவென்று வெளியே வந்தபோது, "இனிமே இத யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பாவம், அது எவ்வளவு உண்மை என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது.

இப்போது அந்த மகளுக்குத் தூர தேசத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. கடல் அலைகளைப் பற்றிய மேல்படிப்பு.

"அலையப் பத்தித் தெரிஞ்சுக்க அவ்ளோ தூரம் போகணுமா? கரையில நின்னா அதுவே காலத் தேடி வந்து சொல்லுமே" என்றாள் அம்மா. ஆனால் பெட்டி வாங்கியவளும் அவள்தான்.

விசாவுக்கு வேண்டிய தாள்களைச் சேர்க்கும் வேலையைப் பளபளா தன் தலையில் போட்டுக்கொண்டார். வங்கிக் கடிதம், போலீஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, வெள்ளைப் பின்னணியில் சிரிக்காத போட்டோ. கக்கத்தில் ஃபைலோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். அலைச்சல் அவருக்குப் பிடித்துப்போனது. மின்விசிறியின் நிழல் தரையில் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கோ ஒரு கதவுக்குப் பின்னால் யாரோ டைப் அடித்துக்கொண்டே இருப்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் கண் சொருகும். இன்னும் ஒரு தாள் வாங்க வேண்டியிருக்கிறது என்கிற வரைக்கும் பெண் வீட்டில்தானே இருக்கிறாள் என்று அரைத்தூக்கத்தில் ஒரு நிம்மதி வரும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. பட்டச் சான்றிதழின் பின்பக்கத்தில் அரசாங்க முத்திரை வாங்க வேண்டும். அப்பாவும் மகளும் சேர்ந்து போனார்கள். கவுண்டரில் இருந்த முத்திரைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எங்க சார் குத்தறது?"

"பின்னாடிதான் சார்."

முத்திரைக்காரர் ஓரத்தில் லேசாக ஒரு குத்துக் குத்தினார். கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. நீல மை வழுக்கிக்கொண்டு மொத்தமும் விரலோடு போய்விட்டது.

"பாத்தீங்களா? பிளாஸ்டிக்க உரிச்சு, ரெண்டு பக்கமும் வெறும் தாளாக் கொண்டாங்க. எந்தப் புண்ணியவான் இதுக்கு லேமினேஷன் போட்டது?"

பளபளா தொண்டையைச் செருமிக்கொண்டார். மகள் தரையைப் பார்த்தாள்.

பஸ்ஸிலிருந்தே அவள், தான் பட்டம் வாங்கிய பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து புது நகல் கேட்டதற்கு, அது வர மாசக்கணக்கில் ஆகும் என்று ஒரு குரல் கொட்டாவி விட்டபடி சொன்னது. விசா நேர்காணலோ அடுத்த வாரம். அதை விட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும். வீட்டுக்கு வந்து செருப்பை உதறியதும் அப்பாமேல் பாய்ந்தாள்.

"ஏம்பா போட்டீங்க? நான் கேட்டேனா? எதக் கண்டாலும் மூடி மூடி வெக்கணுமா?"

அவர் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். எத்தனையோ பேர் அவரிடம் வந்து, அண்ணே இந்த லேமினேஷனைப் பிரித்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். போட்டால் போட்டதுதான், பிரிக்க முடியாது என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒருத்தர் அழுதுகூட இருக்கிறார். அப்போதெல்லாம் அது அவருக்கு வெறும் வாடிக்கையாளர் கஷ்டம்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கடையில் ஆள் இல்லை. மெஷின் சூடு காலில் படப்பட, தூங்கிப்போனார். தூக்கத்தில் மகள் ஒரு தாள் அளவுக்குச் சின்னவளாக இருந்தாள். தட்டையாகப் படுத்துக்கொண்டு, தானே மெஷினுக்குள் போனாள். மறுபக்கம் பளபளவென்று வந்தாள். அழுக்கில்லை, ஈரமில்லை, ஒரு சுருக்கமில்லை. சிரித்த முகம். 'பாப்பா, ஏதாவது பேசு' என்றார். பேசவில்லை. கன்னத்தைத் தொட்டால் வழுக்கியது. உள்ளே காற்றே இல்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நகத்தால் ஓரத்தைக் கீறக் கீற விரல்தான் வழுக்கிக்கொண்டு போனது.

திடுக்கிட்டு எழுந்தபோது சட்டையெல்லாம் வியர்வை. எழுந்த வேகத்தில், பிளாஸ்டிக்கை இளக்கிப் பார்க்க இஸ்திரிப் பெட்டியைத் தேடினார்.

முதலில் பலியானது மின்சார ரசீது. சூடு அதிகமாகி அப்பளமாகப் பொரிந்தது. அடுத்தது அவருடைய பள்ளிக்கூடச் சான்றிதழ். பேனா மை என்பதால் பிளாஸ்டிக் மட்டும் கழன்று தாள் தப்பியது. பிறகு டோனரில், அதாவது ஜெராக்ஸ் மெஷினில் போடுகிற கறுப்புப் பொடியில், அச்சடித்த ஒரு பழைய பில்லை எடுத்தார். டோனர் எழுத்து தாளை விட்டு பிளாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. தாள் வெள்ளையாக விழித்தது. மகளின் சான்றிதழில் ஓரத்துப் பூவேலையும் சின்னமும் அச்சகத்து மை, அசையாது. ஆனால் அவள் பெயர், அப்பா பெயர், படிப்பு, வகுப்பு எல்லாமே டோனர்.

இரண்டு நாளாக விதவிதமாகச் செய்து பார்த்துவிட்டு ஒரு வழியைக் கண்டுபிடித்தார். இஸ்திரிப் பெட்டி ஆகாது. மகள் முடி காயவைக்கிற ஹேர் டிரையர்தான் சரி. உரிக்கிற இடத்துக்கு ஒரு விரல் முன்னால் சூடு போய்க்கொண்டே இருக்க வேண்டும். சூடு முந்தினால் எழுத்து தாளில் நிற்கும், பிந்தினால் பிளாஸ்டிக்கோடு போய்விடும்.

மறுநாள் காலை பெஞ்சைத் துடைத்து, மேலே வெள்ளைத் துணி விரித்து, சான்றிதழை வைத்தார். மகள் எதிரில் உட்கார்ந்தாள். அம்மா கதவில் சாய்ந்துகொண்டாள். பின்பக்கத்து பிளாஸ்டிக் வாழைப்பழத் தோல்போல வந்துவிட்டது. சான்றிதழை முன்பக்கம் திருப்பினார். பிளேடை ஓரத்தில் வைத்தார். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். மறுபடியும் எடுத்தார்.

"பாப்பா, இத நான் எடுக்கக் கூடாது."

"ஏம்பா? பின்பக்கம் அவ்ளோ அழகா எடுத்தீங்களே."

"பின்பக்கத்துல ஒண்ணும் எழுதலயே." பிளேடைக் கீழே வைத்தார். "இந்தக் கைக்கு நீ போறது பிடிக்கல. கிழிஞ்சாக் கிழியட்டுமேன்னு உள்ள ஒருத்தன் உக்காந்து சொல்றான். யாரும் என்னக் குத்தம் சொல்ல மாட்டாங்க, பாவம் தவறிப்போச்சும்பாங்கன்னு சொல்றான். அவன நம்பி உன் பேர நான் தொட முடியாது."

வெளியே மழை விட்டபாடில்லை. மகளுக்கு அப்பாமேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, ஆனால் நடுவில் பெஞ்சு இருந்தது.

"எனக்குள்ளயும் அப்பிடி ஒருத்தி இருக்கா" என்றாள் அம்மா கதவிலிருந்து. "அவளுக்குக் காலையிலேர்ந்து டீயாப் போட்டுக் குடுத்து உக்கார வச்சிருக்கேன். ஆளுக்கொரு வேலையாப் பிரிச்சுக்கோங்க. ரெண்டு பேர் கை பட்டா அவன் எங்க நுழையறான் பாப்போம்."

மகள் ஓரத்தைப் பிடித்தாள். அவர் ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டார்.

உரிப்பது அவள், சூடு காட்டுவது அவர். ஒரு விரல் முன்னால் அவர், ஒரு விரல் பின்னால் அவள். மழைக்கும் அந்தக் காற்றுச் சத்தத்துக்கும் நடுவில் மூன்று பேரும் எங்கோ தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருந்தது. சின்னம் வந்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் வந்தது. பிறகு அவள் பெயர், ஒவ்வோர் எழுத்தாக, பிளாஸ்டிக்கை விட்டுக் கழன்று தாளிலேயே தங்கியது. கறுப்பாக, பளபளப்பு இல்லாமல், தொட்டால் விரலில் தட்டுப்படும்போல. அந்தப் பெயரை அவர் அப்படிப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! பிறந்த வாரத்தில் அவர்தான் யோசித்து யோசித்து வைத்த பெயர். கண்ணை எடுக்க முடியவில்லை. கை தானாக இறங்கியது. ஒரு மூச்சு நேரம்தான்.

சர்ரென்று ஒரு சத்தம்.

"அப்பா! சூடு!"

பதறிக் கையை உயர்த்தினார். மிச்ச வரிகளெல்லாம் சேதமில்லாமல் வந்தன. மகள் முழு பிளாஸ்டிக்கையும் எடுத்துவிட்டுச் சான்றிதழைப் பார்த்தாள். 'இன்னாரின் மகள்' என்கிற வரியில், மகள் என்கிற சொல் இருந்தது. இன்னார் இல்லை. அந்த இடத்தில் வெறும் தாள்.

அவள் பொத்தென்று பெஞ்சில் தலையை வைத்து அழுதாள். "போச்சுப்பா. எல்லாம் போச்சு."

பளபளா உரிந்த பிளாஸ்டிக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவர் பெயர் அதில் தலை வால் கெடாமல் இருந்தது. வேண்டுமென்றே கையை இறக்கினாரா, மெய்மறந்து இறங்கியதா, சத்தியமாக அவருக்கே தெரியாது. பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், சிரிக்க ஆரம்பித்தார்.

"அட லூசு, எதுக்கு அழற? என் பேருதான போச்சு. உன் பேரு இருக்கு பாரு. ஒரு புள்ளிகூடக் கலையல பாரு!"

"முத்திரை போட மாட்டாங்கப்பா."

"போடுவாங்க. போடலன்னா அந்த ஆபீஸ் வாசல்லயே படுத்துக்கறேன். எழுந்திரு, மூஞ்சியக் கழுவு."

அவ்வளவு சந்தோஷமாக அவர் குரலை அவள் கேட்டு வெகுநாளாயிற்று.

அன்றைக்கே போனார்கள். அதே கவுண்டர், அதே முத்திரைக்காரர். அவர் தாளைத் தடவிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பதிவு எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தார். விரல் ஒரு வரியில் போய் நின்றது.

"என்னம்மா இது, அப்பா பேரக் காணோம்?"

பளபளா முன்னால் வந்து நின்றார்.

"உரிக்கறப்ப வந்துடுச்சு சார். என் தப்புதான். நான்தான் அப்பா. லேமினேஷன் போட்ட புண்ணியவானும் நான்தான். இந்தாங்க என் அடையாள அட்டை, என்ன எழுதிக் கேட்டாலும் எழுதித் தரேன்."

முத்திரைக்காரர் அவரைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், கம்ப்யூட்டரை இன்னொரு தடவை பார்த்தார். "அட்டையெல்லாம் உள்ள வைங்க சார். நம்பர் சரியா இருக்கு, பொண்ணு பேரு சரியா இருக்கு. அப்பா பேரு முத்திரைக்குத் தேவையில்ல. போகப்போறது அவங்கதான?"

சாதாரணமாகத்தான் சொன்னார். பளபளாவுக்கு அது நேராக நெஞ்சுக்குள் இறங்கியது. கவுண்டர் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா சார், அவதான் போறா" என்றார். தன் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "நல்லா அழுத்திக் குத்துங்க சார்."

முத்திரை விழுந்தது. மை தாளில் ஊறி அப்படியே நின்றது. வெளியே படியில் இறங்கும்போது மகள் அழுதாள். எப்போதும் சொல்வதுபோல அழாதே என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டார், பக்கத்தில் நின்று தானும் அழுதார்.