ஒரே பன்றியின் ரத்தம்

ஜீவன் ஒரு வாரமாகக் கூடத்துச் சோபாவில்தான் படுத்தான். தன் துணியைத் தானே துவைத்தான். மகள் ஓடிவந்தால் தூக்காமல் நழுவினான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டைகூடத் துவைத்தறியாத மகாராசன்! கௌசலாவுக்கு வேறெப்படித் தோன்றும்? யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள். அவன் போனைத் துழாவினால் பண்ணை முதலாளி தவுக்கேயும் தீவனக் கடைக்காரனும்தான் அகப்பட்டார்கள். அதிலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

அவளுக்கு ஷா ஆலத்தில், கால்நடைகளின் ரத்தத்தைச் சோதிக்கும் கூடத்தில் வேலை. தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஜீவன் மேற்பார்க்கும் பன்றிப் பண்ணையின் ரத்தமும் அங்கேதான் வரும். ரத்தத்தில் ஒரு புரதம் உண்டு. உள்ளே நோய் புகுந்தால், பன்றி இருமுவதற்கு முன்பே அது ஏறிவிடும். என்ன நோய் என்று சொல்லாது. ஏதோ இருக்கிறது என்று மட்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

அன்று அந்தப் பண்ணையிலிருந்து ஒரு தட்டு நிறைய டியூப்கள் வந்தன. எல்லாவற்றிலும் புரதம் குறைவு. நல்ல சேதிதான். ஆனால் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரே ஈற்றுக் குட்டிகள்கூட இப்படி ஒத்துப்போகாதே! ஒரு நல்ல பன்றியின் ரத்தத்தைத்தான் யாரோ பங்குபோட்டு நிரப்பியிருக்கிறார்கள். டியூப்களின் மேலிருந்தது புருஷனின் கையெழுத்து.

செராஸிலுள்ள வீட்டுக்கு வந்ததும் ஜீவனிடம் கேட்டாள். ஒரே தீவனம் தின்கிற பன்றிகள் அப்படித்தான் இருக்கும் என்று மழுப்பினான். அவள் பார்வையை எடுக்கவில்லை.

“பின் கொட்டகையில பாதிப் பன்றி இருமுது,” என்றான் கடைசியில். “தெரிஞ்சா பண்ணைய மூடிருவாங்க லா. என் வேலையும் போயிரும்.”

“ஆபீஸ்ல சொல்லிட்டேன். நாளைக்கு அவங்களே வந்து ரத்தம் எடுப்பாங்க.”

அவன் தலைகுனிந்தான். குனிந்தவனுக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சோபாவும் துணியும் மகளும் அப்போதுதான் அவளுக்கு விளங்கின. இதற்கு ஒருத்தி இருந்திருந்தாலே தேவலை என்று நெஞ்சு பதறியது. கூடவே கோபமும் வந்தது. தன் பிள்ளையை ஒதுக்கிக் காக்கத் தெரிந்தவனுக்கு, கொட்டகையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் நினைவுக்கு வரவில்லையா?

கார் சாவியை எடுத்தாள்.

“ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. அங்கயாவது சொந்த ரத்தத்தக் குடுங்க.”